பாசன வயல்களின் வடிகால் நீரில் அங்ககப் பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாசன வயல்களிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றிப் பேசும்போது உப்பும் நைட்ரேட்டும் பூச்சிமருந்தும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்த நீரோடு சேர்ந்து செல்லும் அங்ககப் பொருளைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. வடிகால்களைப் பராமரிப்போர், நீர் மாதிரிகளைச் சோதிப்போர், வடிகால் கலக்கும் ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்போர், தம் வயலின் நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்கும் உழவர் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

வடிகால் நீர் என்று இங்கே எதைக் குறிக்கிறோம்?

இரண்டு வகையான நீரை. ஒன்று, பாய்ச்சிய நீரில் மண்ணுக்குள் இறங்காமல் வயலின் தாழ்ந்த ஓரத்தில் வழிந்து வெளியேறும் மேற்பரப்பு நீர். மற்றொன்று, வேர் மண்டலத்தைக் கடந்து கீழே இறங்கி, நிலத்தடியில் பதித்த வடிகுழாய்கள் வழியாகவோ ஆழமான திறந்த வடிகால்களின் சுவர்களில் கசிந்தோ வெளியே வரும் நீர். பெரும்பாலான வடிகால்களில் இரண்டும் கலந்தே ஓடுகின்றன. ஆனாலும் அவற்றின் குணம் வேறு என்பதை மறந்துவிட்டால், பின்னர் வரும் எந்தக் கணக்கும் சரியாக வராது. மேற்பரப்பு நீர் மண் துகளையும் பயிர்த்தாள் துண்டுகளையும் சுமந்து வருகிறது. நிலத்தடி வடிநீரோ பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் கரைந்த பொருள்களை எடுத்து வருகிறது.

அங்ககப் பொருள் என்பதில் என்னென்ன அடங்கும்?

உயிருள்ளவற்றிலிருந்து வந்த, கார்பனை அடிப்படையாகக் கொண்ட எல்லாமே அடங்கும்: மட்கிய இலைதழை, வேர்கள் கசியவிடும் சர்க்கரைகளும் அமிலங்களும், எருவின் கரைசல், பாசி, நுண்ணுயிரிகளின் உடல்கள், நெடுங்காலம் சிதைந்து உருவான மட்கு அமிலங்கள். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், ஆய்வகங்கள் ஒரு வடிதாளைக் கொண்டு இரண்டே கூறுகளாகப் பிரிக்கின்றன. 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளின் வழியே செல்வது கரைந்த அங்ககக் கார்பன். தாளின் மேல் தங்குவது துகள்நிலை அங்ககக் கார்பன். இந்த எல்லை மனிதர் வகுத்தது. மிக நுண்ணிய கூழ்மத் துகள்கள் 0.45 மைக்ரான் துளையைக் கடந்துவிடுவதால், கரைந்தது என்று அறிக்கையில் காண்பதெல்லாம் உண்மையாகவே கரைந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அறிக்கையில் வரும் எண் பெரும்பாலும் கார்பனின் எடையே தவிர அங்ககப் பொருளின் எடை அன்று. மண்ணறிவியலில் அங்ககப் பொருளின் எடையில் 58 விழுக்காடு கார்பன் என்று வழக்கமாகக் கொண்டு, கார்பன் அளவை 1.724 ஆல் பெருக்குவார்கள். நீரில் கரைந்த பொருளுக்கு, கார்பன் ஏறத்தாழப் பாதி என்று கொள்வது போதுமானது.

இது வயலுக்குள் எங்கிருந்து வருகிறது?

மண்ணில் ஏற்கெனவே உள்ள மட்கு, அறுவடைக்குப்பின் எஞ்சிய தாள், இட்ட எரு, வளரும் பயிரின் வேர்க்கசிவு ஆகியவையே முதன்மையானவை. பலரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத மூலம் ஒன்றும் உண்டு: வடிகாலே அதை உண்டாக்குகிறது. உரச்சத்து நிறைந்த, மெதுவாக ஓடும், வெயில் படும் நீரில் பாசியும் நீர்க்களைகளும் செழிக்கின்றன. அவை மடியும்போது அவற்றின் உடல் முழுவதும் அந்த நீரிலேயே சேர்கிறது. ஒரு நீண்ட வடிகாலின் தலைப்பிலும் வாயிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால், கோடையில் வாயில் உள்ள நீரில் கூடுதலாகக் காணப்படும் அங்ககப் பொருளுக்கு எந்த வயலும் பொறுப்பில்லாமல் இருக்கலாம்.

வடிகால் நீரில் பாசன நீரைவிட அங்ககக் கார்பன் அதிகமாக இருக்கிறது. அவ்வளவையும் வயல்தான் சேர்த்தது என்று கொள்ளலாமா?

கூடாது. இந்தத் துறையில் மிகுதியாக நேரும் தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். பயிர் உறிஞ்சி வெளிவிடுவதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் தூய நீர் மட்டுமே. உப்பும் பெரும்பாலான கரைந்த பொருள்களும் பின்தங்கி, எஞ்சிய குறைந்த நீரில் செறிவடைகின்றன. ஆகவே வயல் ஒரு துளி அங்ககப் பொருளையும் சேர்க்காத நிலையிலும் வடிகால் நீரில் அதன் செறிவு உயர்ந்தே காணப்படும்.

இதைப் பிரித்தறியக் குளோரைடு உதவுகிறது. குளோரைடு மண்ணில் ஒட்டிக்கொள்வதில்லை, நுண்ணுயிரிகளால் சிதைவதில்லை, பயிரும் அதைச் சிறிதளவே எடுத்துக்கொள்கிறது. எனவே அதன் செறிவு எத்தனை மடங்கு கூடியதோ, அத்தனை மடங்கு நீர் சுண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: பாசன நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் அங்ககக் கார்பனும் 50 மில்லிகிராம் குளோரைடும் உள்ளன, வடிகால் நீரில் 8 மில்லிகிராம் கார்பனும் 150 மில்லிகிராம் குளோரைடும் உள்ளன. மேலோட்டமாகப் பார்ப்பவர் வயல் 5 மில்லிகிராம் சேர்த்தது என்பார். குளோரைடு மூன்று மடங்கானதால், சுண்டியதால் மட்டுமே கார்பன் 9 மில்லிகிராமை எட்டியிருக்க வேண்டும். இருப்பது 8 என்பதால், வயல் எதையும் சேர்க்கவில்லை. சிறிதளவு பிடித்து வைத்துக்கொண்டது என்பதே சரி. வேறொரு வடிகாலில் குளோரைடு 60 மில்லிகிராமும் கார்பன் 15 மில்லிகிராமும் இருந்தால், எதிர்பார்க்க வேண்டிய கார்பன் 3.6 மில்லிகிராம் மட்டுமே, எஞ்சிய 11.4 மில்லிகிராமை உண்மையிலேயே வயலோ வடிகாலோ சேர்த்திருக்கிறது.

பொட்டாசியம் குளோரைடு உரம் இட்ட வயலிலும், உவர்ப்பான நிலத்தடி நீர் கசிந்து கலக்கும் வடிகாலிலும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அங்கே குளோரைடுக்குப் பாசன நீரைத் தவிர வேறு மூலம் இருக்கிறது.

செறிவைப் பார்ப்பதா, மொத்த அளவைப் பார்ப்பதா?

கேள்வி எது என்பதைப் பொறுத்தது. வடிகாலில் வாழும் மீனுக்குச் செறிவு முக்கியம். கீழே உள்ள ஆற்றுக்கோ நீர்த்தேக்கத்துக்கோ ஒரு நாளில் போய்ச் சேரும் மொத்த எடை முக்கியம். நொடிக்கு 5 லிட்டர் ஓடும் வடிகாலில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் கார்பன் இருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 17 கிலோ போகிறது. நொடிக்கு 50 லிட்டர் ஓடும் இன்னொரு வடிகாலில் 10 மில்லிகிராமே இருந்தாலும் நாளைக்கு 43 கிலோ போகிறது. நீரோட்டத்தை அளக்காமல் செறிவை மட்டும் எழுதிவைத்த பதிவேட்டால் ஆற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. குழாய் வாயில் ஒரு வாளியும் கடிகாரமும், திறந்த வடிகாலில் வி வடிவ வெட்டுள்ள ஒரு தடுப்புப் பலகையும் போதும்.

வடிகால் நீர் தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருக்கிறது; நுரையும் எண்ணெய்ப் படலமும் காணப்படுகின்றன. கழிவு கலந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பழுப்பு நிறம் மட்கு அமிலங்களால் வருவது. நுரையும் அவ்வாறே, மட்கு அமிலங்களும் புரதங்களும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், மதகுக்குக் கீழே நீர் விழுந்து கலங்கும் இடத்தில் வெண்மையாகவோ பழுப்பாகவோ நுரை கட்டும். அதில் மண் வாசனையோ மீன் வாசனையோ இருக்குமே தவிர, சோப்புத்தூளின் நறுமணம் இருக்காது.

எண்ணெய்ப் படலத்தை அறிய ஒரு குச்சி போதும். தேங்கிய நீரின்மேல் வானவில் நிறங்களோடு மின்னும் படலத்தைக் குச்சியால் கிளறினால், அது கண்ணாடிச் சில்லுகளைப் போல் கோணல்மாணலாக உடைந்து அப்படியே விலகி நின்றால், அது இரும்பை ஆக்சிஜனேற்றும் நுண்ணுயிரிகளின் வேலை. அருகில் செம்மண் நிறத்தில் பஞ்சுபோன்ற படிவும் இருக்கும். மாறாக, கிளறிய இடத்தில் படலம் சுழன்று மீண்டும் ஒன்றுகூடினால் அது டீசலோ மசகெண்ணெயோதான்; இறைப்பு இயந்திரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

நிறத்தை வைத்து அளவை ஊகிப்பது மட்டும் வேண்டாம். பழைய மட்கு குறைந்த அளவிலேயே அடர்ந்த நிறம் தரும். புதிய எருக் கரைசலிலும் பாசியிலும் உள்ள சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் நிறமே தராமல் அதைவிட அதிகக் கேடு செய்யும்.

நீண்ட வறட்சிக்குப்பின் வரும் முதல் வடிகால் நீரில் அங்ககப் பொருள் ஏன் மிகுந்திருக்கிறது?

காய்ந்த மண்ணை நனைத்தவுடன் நுண்ணுயிரிகளின் செயல்பாடு திடீரென உயர்கிறது. 1958இல் இதை விரிவாக எடுத்துரைத்த பிர்ச் என்பவரின் பெயராலேயே மண்ணறிவியலில் இது பிர்ச் விளைவு எனப்படுகிறது. காயும்போது மடிந்த நுண்ணுயிரிகளின் உடற்சாறு வெளிப்படுகிறது. மண் கட்டிகள் உடைந்து, உள்ளே பூட்டியிருந்த அங்ககப் பொருள் நீருக்கு எட்டுகிறது. இதோடு வெடித்த களிமண்ணின் பிளவுகள் வழியே நீர் நேராகக் கீழிறங்குவதால், இடைப்பட்ட மண் அதை வடிகட்ட வாய்ப்பின்றிப் போகிறது. பருவத்தின் முதல் தண்ணீருக்குப்பின் வடிகுழாயில் வரும் நீர் நிறம் மாறி வருவது இதனால்தான். இரண்டாம், மூன்றாம் தண்ணீரில் இது குறைந்துவிடும். வெடித்த நிலத்தில் எருக் கரைசலைப் பாய்ச்சினால் சில மணி நேரத்திலேயே அது வடிகுழாய் வாயில் தெரியக்கூடும். பிளவுகள் மூடும்படி மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டுப் பாய்ச்சுவது நல்லது.

நிலத்தடிக் குழாய் நீரில் பொதுவாக அங்ககப் பொருள் குறைவு என்கிறார்களே?

பிளவுகளைத் தவிர்த்துப் பார்த்தால் உண்மையே. அடிமண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் களியும் கரைந்த அங்ககப் பொருளைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் சாதாரண கனிம மண்ணில் பதித்த வடிகுழாயின் நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் கார்பனே இருப்பது வழக்கம். மணற்பாங்கான, ஆழமற்ற மண்ணில் இந்தப் பிடிமானம் குறைவு.

நெல் வயலின் வடிகால் நீர் ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

தேங்கிய நீருக்கு அடியில் உள்ள மண்ணில் ஆக்சிஜன் விரைவிலேயே தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நுண்ணுயிரிகள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் ஆக்சிஜனுக்கு மாற்றாகப் பயன்படுத்துகின்றன. இரும்பு ஆக்சைடு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த அங்ககப் பொருளும் விடுபட்டு நீருக்கு வருகிறது. அமில மண்ணில் நீர் தேங்கியதும் பி.எச். உயர்வதும் இதற்குத் துணைபோகிறது. வைக்கோலை மடக்கி உழுது உடனே நீர் கட்டிய வயலில் முதல் சில வாரங்களுக்கு அசெட்டிக் அமிலம் போன்ற எளிய கரிம அமிலங்கள் சேர்ந்து, இளம் பயிரின் வேரையும் தாக்குகின்றன. அந்த நேரத்தில் வரப்பை வெட்டி நீரை வடிப்பது, ஆக்சிஜனை மிக வேகமாகத் தின்னும் நீரை வடிகாலுக்கு அனுப்புவதாகும்.

சேற்றுழவு நீரும் கவனிக்கத்தக்கது. உழவு முடிந்தவுடன் கலங்கிய நீரை வடித்துவிடும் பழக்கம் உள்ள இடங்களில், பருவம் முழுவதும் வயலிலிருந்து போகும் துகள்நிலை அங்ககப் பொருளில் பெரும்பங்கு அந்த ஓரிரு நாளிலேயே போய்விடக்கூடும். குறைந்த நீர் கட்டி உழுது, நடவுக்கு முன் தெளியும்வரை வடிக்காமல் விட்டாலே இதைத் தடுத்துவிடலாம். செலவில்லாத இந்த ஒரு வழி, பின்னால் பேசப்போகும் பல கட்டுமானங்களைவிட மேலானது என்பது என் கருத்து.

களர் நிலத்தின் வடிகால் நீர் கருமையாக வருவது ஏன்?

சோடியம் மிகுந்து பி.எச். 8.5ஐத் தாண்டிய மண்ணில் மட்கு கரைந்துவிடுகிறது. மட்கு அமிலங்கள் அந்நிலையில் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. களித் துகளையும் மட்கையும் பாலம்போல் இணைத்து வைக்கும் கால்சியம் அங்கே குறைவு, சோடியத்தால் அவ்வாறு இணைக்க முடியாது. கரைந்த மட்கு நீரோடு மேலேறி, நீர் ஆவியானபின் மண்ணின் மேல் கரும் பொருக்காகப் படிகிறது. பாய்ச்சும்போது வடிகாலுக்கும் போகிறது.

ஜிப்சம் இட்டால் கால்சியம் கிடைத்து மட்கு மீண்டும் மண்ணில் பிணைகிறது. களர் சீர்திருத்தத்தின் பயனாக நீர் உள்ளிறங்குவதையும் பயிர் முளைப்பதையும் மட்டுமே குறித்துவைப்பது வழக்கம். வடிகால் நீரின் நிறம் வெளிறுவதும் ஒரு நல்ல அடையாளம்.

பீட் மண்ணில் நிலைமை என்ன?

சதுப்பில் நீருக்கடியில் தாவரங்கள் முழுதாகச் சிதையாமல் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்து உருவானதே பீட் மண். அதை வடித்துப் பயிரிட்டால் காற்றுப் பட்ட அங்ககப் பொருள் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கரைந்தும் வாயுவாகியும் போகிறது. அதன் வடிகால் நீரில் கரைந்த கார்பன் லிட்டருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம் இருப்பது இயல்பு.

இதற்கு மிகுதியாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ–சான் வாக்கின் கழிமுகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கரைகட்டி வடிக்கப்பட்ட அங்குள்ள பீட் தீவுகள் பல, மண் கரைந்து தாழ்ந்ததால், இன்று கடல் மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே இருக்கின்றன. தீவுக்குள் சேரும் வடிகால் நீரைச் சுற்றியுள்ள கால்வாய்களுக்கு எந்நேரமும் இறைத்தாக வேண்டும். குளிர்காலத்தில் மழையும், உப்பைக் கழுவுவதற்காகக் கட்டும் நீரும் சேர்வதால், அப்போது இறைக்கும் நீரில் அங்ககக் கார்பன் உச்சத்தை எட்டுகிறது. அதே கால்வாய்களிலிருந்துதான் கோடிக்கணக்கான மக்களுக்குக் குடிநீரும் எடுக்கப்படுகிறது என்பதே சிக்கலின் மையம்.

குடிநீருக்கு இதனால் என்ன சிக்கல்? மட்கு நஞ்சல்லவே?

மட்கு நஞ்சல்ல; அதோடு குளோரின் சேரும்போது உண்டாவதே சிக்கல். கிருமி நீக்கக் குளோரின் கலந்த நீரில் குளோரோபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் உருவாவதை நெதர்லாந்தைச் சேர்ந்த ரூக் 1974இல் வெளியிட்டார். இச்சேர்மங்களின் நீண்டகால உடல்நலக் கேடு கருதி, அமெரிக்கா 1979இல் மொத்த டிரைஹாலோமீத்தேனுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்துப் பின்னர் அதை 80 ஆகக் குறைத்தது. அதே வகையில் உருவாகும் ஹாலோஅசெட்டிக் அமிலங்கள் ஐந்துக்குச் சேர்த்து 60 மைக்ரோகிராம் வரம்பும் உண்டு. பாசன வடிகால் நீர் இதில் இரட்டைக் கேடு செய்ய வல்லது: அங்ககப் பொருளோடு, உப்பின் பகுதியாகப் புரோமைடையும் அது கொண்டு வந்தால், புரோமின் சேர்ந்த, இன்னும் கவலைக்குரிய சேர்மங்கள் உருவாகின்றன.

குளோரினை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது, கிருமியால் வரும் கேடு உடனடியானது. குளோரின் சேர்ப்பதற்கு முன்பாகவே படிகாரம் போன்ற திரட்டியால் அங்ககப் பொருளைக் குறைப்பதே வழி. அந்த வழி எவ்வளவு பலிக்கும் என்பதை, நீர் 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அறியலாம். ஒரு மீட்டருக்கான உறிஞ்சலைக் கரைந்த கார்பனின் மில்லிகிராம் அளவால் வகுத்து வருவது 4க்கு மேல் இருந்தால், பெரிய மூலக்கூறுகளான மட்கு அமிலங்கள் மிகுதி. படிகாரம் நன்கு பிடிக்கும். 2க்குக் கீழே என்றால், பாசியிலிருந்து வருவன போன்ற சிறிய, நீர்விரும்பி மூலக்கூறுகளே அதிகம். படிகாரத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

மீன்கள் செத்து மிதப்பதற்கும் அங்ககப் பொருளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் எளிய கணக்கில் விளங்குவது. 12 கிராம் கார்பன் முழுதாக ஆக்சிஜனேற்றம் பெற 32 கிராம் ஆக்சிஜன் தேவை. ஆகவே எளிதில் சிதையும் கார்பன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால், அது கேட்கும் ஆக்சிஜன் 13 மில்லிகிராமுக்கு மேல். 30 பாகை செல்சியசில் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. காற்றிலிருந்து புதிதாகக் கரைவதைவிடச் செலவு வேகமாக இருந்தால், விடியற்காலையில், பாசியும் சுவாசித்து முடித்த நேரத்தில், ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகிறது. பகல் 12 மணிக்கு அளந்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

பூச்சிமருந்துகளையும் உலோகங்களையும் அங்ககப் பொருள் என்ன செய்கிறது?

ஒரே நேரத்தில் நன்மையும் தீமையும். பைரித்ராய்டு வகை போன்ற, நீரில் எளிதில் கரையாத மருந்துகள் துகள்நிலை அங்ககப் பொருளில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. அந்த வண்டல் வடிகாலின் அடியில் படிந்து, அங்கு வாழும் சிற்றுயிர்களைத் தாக்குகிறது. கரைந்த மட்கு செம்புடன் பிணைந்து, செம்பு மீனின் செவுளைத் தாக்காமல் தடுக்கிறது. ஆனால் அதே பிணைப்பு செம்பை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோகிறது. ஆக்சிஜனற்ற, அங்ககப் பொருள் மிக்க சேற்றில் பாதரசம் மிகக் கொடிய மீத்தைல் பாதரசமாக மாறுகிறது.

செலினியத்தின் கதை வேறு. கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் பாசன வடிகால் நீர் கொண்டுவந்த செலினியத்தால் பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பிறந்தது 1983இல் தெரியவந்தது. செலினியம் நீரில் கரைந்திருக்கும் வடிவமான செலினேட்டைக் கரையாத தனிமச் செலினியமாக மாற்றும் நுண்ணுயிரிகளுக்கு உணவாக அங்ககப் பொருளே தேவைப்படுகிறது.

எந்தச் சோதனையைச் செய்யச் சொல்வது?

எதை அறிய விரும்புகிறீர்களோ அதற்கேற்ப. மொத்த அங்ககக் கார்பன் சோதனையில் நீரை அமிலமாக்கிக் கார்பனேட்டுகளை வாயுவாக வெளியேற்றிவிட்டு, எஞ்சிய கார்பனை எரித்தோ வேதிமுறையில் ஆக்சிஜனேற்றியோ, வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதுவே நேரான விடை. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., 20 பாகையில் 5 நாள் இருட்டில் வைத்துப் பார்ப்பது. எளிதில் சிதையும் பகுதியை மட்டுமே காட்டும். மட்கு நிறைந்த நீரில் பி.ஓ.டி. குறைவாகவும் கார்பன் அதிகமாகவும் வந்தால் ஆய்வகத்தின் மேல் ஐயப்பட வேண்டாம், அப்படித்தான் வரும்.

சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையில்தான் பாசன வடிகால் நீர் பலரை ஏமாற்றுகிறது. அச்சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட் அங்ககப் பொருளோடு குளோரைடையும் ஆக்சிஜனேற்றுகிறது. ஒவ்வொரு மில்லிகிராம் குளோரைடும் 0.226 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கணக்கில் ஏற்றிவிடும். லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு உள்ள உவர்நீரில், தடுப்பு ஏதும் சேர்க்காவிட்டால், அங்ககப் பொருளே இல்லாமல் 450 மில்லிகிராம் சி.ஓ.டி. காட்டக்கூடும். பாதரச சல்பேட் சேர்த்து இதை அடக்கலாம். ஆனால் அந்தப் பாதரசக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வி எழும். உவர்ப்பான வடிகாலுக்குக் கார்பன் சோதனையே பொருத்தம்.

மாதிரியை எப்படி எடுப்பது?

ஓடும் நீரின் நடுவிலிருந்து, கரையோரத் தேக்கத்தையும் மேல் நுரையையும் தவிர்த்து, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் எடுக்க வேண்டும். கரைந்த கார்பனுக்கு என்றால் அங்கேயே வடிகட்டுவது நல்லது. வடிதாளே சிறிது கார்பனை வெளியிடும் என்பதால் முதலில் வரும் வடிநீரைக் கொட்டிவிட வேண்டும். வடிகட்டியபின்தான் அமிலம் சேர்த்துப் பி.எச்.ஐ 2க்குக் கொண்டுவர வேண்டும். முன்னரே சேர்த்தால் மட்கு அமிலத்தின் ஒரு பகுதி வீழ்படிவாகி வடிதாளில் தங்கிவிடும், அறிக்கையில் காணாமல் போகும். பிறகு 4 பாகையில் இருட்டில் வைக்க வேண்டும். தூய நீரையும் அதே வடிதாள், அதே புட்டி வழியாகச் செலுத்தி ஒரு வெற்று மாதிரி அனுப்பாவிட்டால், வந்த எண்ணில் எவ்வளவு உங்கள் கையால் சேர்ந்தது என்று தெரியாது.

மாதத்துக்கு ஒரு முறை, வசதியான நாளில் எடுக்கும் மாதிரிகள் உச்சங்களைத் தவறவிடும். பாய்ச்சும் நாளில் சில மணி நேரத்துக்கு ஒன்றாக எடுத்த சில மாதிரிகள் அவற்றைவிட அதிகம் சொல்லும்.

குறைப்பதற்கு என்ன வழிகள் உண்டு?

துகள்நிலைப் பொருளுக்கும் கரைந்த பொருளுக்கும் மருந்து வேறு. வண்டல் தேக்கக் குட்டை பெரிய துகள்களைப் பிடிக்கும். நுண்களியும் அதில் ஒட்டிய அங்ககப் பொருளும் தப்பிப் போகும். கரைந்ததைக் குட்டை தொடவே தொடாது. சால் பாசனத்தில், நீர் சாலின் கடைசியை எட்டும்வரை பாயும் முன்னோட்ட நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் எதிர்மின் பாலிஅக்ரிலமைடு என்னும், மண் துகள்களைப் பிணைக்கும் பொருளைச் சேர்ப்பது, அமெரிக்க ஆய்வுகளில் மண் அரிப்பை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்திருக்கிறது. மண்ணோடு போகும் அங்ககப் பொருளும் அதற்கேற்பக் குறைகிறது.

கரைந்த பொருளுக்கு முதன்மையான வழி, வழிந்தோடும் நீரையே குறைப்பதுதான். சாலின் நீளத்தையும் நீரோட்டத்தையும் மண்ணுக்கேற்ப அமைப்பதும், கடைசியில் சேரும் நீரைக் குட்டையில் பிடித்து மீண்டும் தலைப்புக்கு இறைப்பதும், எரு இட்டவுடன் பாய்ச்சாமல் மண்ணோடு கலந்துவிட்டுப் பாய்ச்சுவதும் இதில் அடங்கும். பீட் மண்ணில் நிலத்தடி நீர்மட்டத்தை இயன்றவரை உயர்த்தி வைப்பது மண் கரைவதைக் குறைக்கும்.

அப்படியானால் எருவும் தாளும் இடுவதை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். அங்ககப் பொருள் வயலில் இருக்க வேண்டும், வடிகாலில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மண்ணில் மட்கு கூடினால் கட்டிகள் உறுதிப்பட்டு அரிப்புக் குறைகிறது.

வடிகாலின் கடைசியில் செயற்கைச் சதுப்பு அமைத்தால் அங்ககப் பொருள் நீங்குமா?

நைட்ரேட்டுக்கு நல்லது, கரைந்த கார்பனுக்கு ஐயம். நாணலும் கோரையும் மடிந்து சதுப்பே கரைந்த கார்பனை வெளியிடுவதுண்டு. நைட்ரேட்டை வாயுவாக்கும் நுண்ணுயிரிகளுக்கு, 1 கிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்குக் குறைந்தது 1.1 கிராம் அளவில் எளிதில் சிதையும் கார்பன் தேவை. லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜனும் 3 மில்லிகிராம் கார்பனும் உள்ள குழாய்நீர் தானாகத் தூய்மையாகாது என்பது இதிலிருந்தே தெரியும். அதனால்தான் மரச்சில்லு நிரப்பிய குழிகள் வழியே அந்நீரைச் செலுத்துகிறார்கள். புதிதாக நிரப்பிய குழியிலிருந்து முதல் சில வாரங்களுக்குப் பழுப்பான, ஆக்சிஜன் தின்னும் நீர் வெளிவரும். நீரோட்டம் மிகுந்து, ஆறு நிறைந்து ஓடும் பருவத்தில் குழியைத் தொடங்கினால் அந்தப் பழுப்பு நீர் ஆற்றில் நீர்த்துப் போகும்.

வடிகால் நீரையே சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் திருப்பலாமா?

திருப்பலாம், உப்பு அனுமதிக்கும்வரை. அங்ககப் பொருளால் வரும் தொல்லை அடைப்பு. பாசியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலமும் சொட்டுவான்களை மூடிவிடும். வலை வடிகட்டி இவ்வகை நீரில் சில மணி நேரத்திலேயே அடைபடலாம் என்பதால், முன்னால் மணல் வடிகட்டி வைத்து, அதை அடிக்கடி எதிர்த்திசையில் கழுவ வேண்டும். குளோரின் செலுத்துவதானால், செலுத்தும் இடத்து அளவை நம்பாமல், கடைசிப் பக்கக் குழாயின் முனையில் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் தனிக் குளோரின் எஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். வழியில் உள்ள அங்ககப் பொருள் எவ்வளவு குளோரினைத் தின்றுவிட்டது என்பது அங்கேதான் தெரியும். குளோரினையும் அமிலத்தையும் ஒரே தொட்டியில் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.